கோட்டுக்கு வெளியே நின்றவர்

1980-இல் ஆடிப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கிரிவலத்துக்கு எங்கள் ஊர் திருவண்ணாமலைக்கு ஆரணியிலிருந்து மாமா வந்திருந்தார். எங்கள் அத்தையைக் கொடுத்த இடம் ஆரணி. வீட்டுக்குள்ளேயே குழித்தறி போட்டிருப்பார்கள். எந்நேரமும் நாடா ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். பாவு, சாயம், கூலி இவற்றைத் தவிர வேறெதையும் பேசி நான் கேட்டிராத மாமா, அந்தத் தடவை தோளில் துண்டோடு ஒரு டிரான்சிஸ்டரையும் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். தோல் உறை போட்ட சின்ன ரேடியோ. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்கோவுல நம்ம ஆரணிப் புள்ள கேப்டனா ஆடிக்கினு கீறான். தெரியுமாடா உனக்கு?"

எனக்குத் தெரியாது. அந்த ஜூனில்தான் எம்.ஜி.ஆர். மறுபடியும் முதலமைச்சராகியிருந்தார். பெரியவர்கள் கூடினால் அந்தப் பேச்சு. பையன்களுக்கு 'பில்லா' பேச்சு. ஒலிம்பிக் என்று ஒன்று நடப்பதைப் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் படித்திருந்தேன், அவ்வளவுதான். இந்திய ஹாக்கி அணியின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன் என்பதும், அவரை ஆரணிக்காரர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளை என்று சொல்லிக் கொண்டாடுகிறார்கள் என்பதும் மாமா வாயால் கேட்டுத்தான் எனக்குத் தெரியவந்தது. "சென்னைக்குப் போய் லயோலா காலேஜ்ல படிச்ச பையன். அதுக்குன்னு ஊரு இல்லன்னு ஆயிடுமா?" என்றார் மாமா. அப்போது எங்களுக்கும் ஆரணிக்கும் ஒரே மாவட்டம், வட ஆற்காடு. கலெக்டர் வேலூரில் இருந்தார். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-இல்தான்.

அன்று ராத்திரி மாமாவோடு மலை சுற்றினேன். இன்று பௌர்ணமிக்கு வரும் கூட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு அந்த நாளைய கிரிவலப் பாதையைச் சொன்னால் நம்பமாட்டார்கள். இரண்டு பக்கமும் புளியமரம், நடுவில் நிலா வெளிச்சம், அங்கங்கே நாலைந்து பேராக நடந்து போகும் குடும்பங்கள். யாரோ முன்னால் 'அருணாசல சிவ' என்று சொல்லிக்கொண்டு போக, பின்னால் மாமா எனக்கு ஸ்கோர் சொல்லிக்கொண்டு வந்தார். அக்னி லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு நடக்கும்போது தான்சானியாவை 18-0 என்று அடித்த கதை. எமலிங்கத்துக்கு வரும்போது போலந்தோடு 2-2. நிருதி லிங்கத்தில் ஸ்பெயினோடு மறுபடியும் 2-2. அடி அண்ணாமலையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டபோது கியூபாவை 13-0. குபேர லிங்கத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டுச் சொன்னார்: "ரஷ்யாக்காரன அவன் ஊர்லயே 4-2. நாளை மறுநாள் ஃபைனல். திரும்ப ஸ்பெயின்." இடுக்குப் பிள்ளையார் கோவிலுக்குள் ஊர்ந்து வெளியே வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஸ்பெயின் எங்க மாமா இருக்குது?" என்பதுதான். எட்டு லிங்கங்களின் வரிசை எனக்கு இன்றுவரை மறக்காமல் இருப்பதற்கு அந்த ஸ்கோர்களும் ஒரு காரணம்.

திங்கட்கிழமை போளூர் வழி பஸ்ஸில் மாமா ஊர் திரும்பினார். ரேடியோவும் அவரோடு போய்விட்டது. செவ்வாய்க்கிழமை, ஜூலை 29 அன்று மாஸ்கோவில் இறுதி ஆட்டம். எனக்குத் தகவல் கிடைத்தது புதன்கிழமை காலையில், தேரடித் தெரு டீக்கடையில், டெல்லியிலிருந்து வரும் ஏழே கால் மணிச் செய்தியில். 4-3. தங்கம். கடைக்காரர் பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்த ஒருவர் "ஜெயிச்சிட்டானுங்களா?" என்றார். "ஜெயிச்சிட்டாங்க" என்று இன்னொருவர் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு, அடுத்த செய்திக்குக் காது போய்விட்டது. நான் பைக்கட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். இதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், எங்கள் பி.டி. சார்.

அவர் வயதுக் காலத்தில் ஹாக்கி ஆடியவர். ஸ்டோர் ரூமில் சாக்கில் சுற்றி வைத்திருந்த பழைய மட்டைகள் அவர் பொறுப்பில் இருந்தன. கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருப்பார். விரிந்த மட்டைக்கு வஜ்ஜிரம் காய்ச்சித் தடவி நூல் கட்டி வெயிலில் காய வைப்பார். அந்த வாசனை இப்போதும் எங்காவது தச்சுப் பட்டறையைக் கடக்கும்போது வந்தால் நின்றுவிடுகிறேன். மட்டை எல்லோருக்கும் போதாது. மீதிப் பேர் வளைந்த புளியங்கொம்பை வெட்டிச் சீவி எடுத்துக்கொண்டு வருவோம். ஈசான்ய மைதானத்தில் மாடு கட்டிய இடமும் முளைக்குச்சிக் குழிகளும் தாண்டிப் பந்து எங்கே திரும்பும் என்று பந்துக்கே தெரியாது. சார் அந்தத் தரையில்தான் எங்களைப் பழக்கினார்.

நான் போய்ச் சொன்னதும் சார் என்ன செய்தார் என்றால், ஒரு குச்சியை எடுத்தார். தரையில் நீளமாக ஒரு செவ்வகம் போட்டார். பதினொரு கூழாங்கல்லை அதில் வைத்தார். பேப்பர் வந்து சேர்ந்ததும் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, கல்லை நகர்த்தி நகர்த்தி எங்களுக்கு அந்த ஆட்டத்தைச் சொன்னார். இடைவேளை வரைக்கும் இந்தியா 2-0. அதன்பின் 3-0. அதோடு முடிந்தது என்று நினைத்த நேரத்தில் ஸ்பெயினின் ஹுவான் அமாத் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டுவிட்டார், 3-2. முகமது ஷாகித் ஒன்று போட்டு 4-2. அமாத் மூன்றாவதையும் போட்டார், 4-3. அதற்கு மேல் கடைசி நிமிடங்கள் முழுக்க ஸ்பெயின் முட்டிக்கொண்டு நிற்க, நம்மவர்கள் தடுத்து நின்றார்கள். சுரீந்தர் சிங் சோதி இரண்டு, மகாராஜ் கிஷன் கௌஷிக் ஒன்று, ஷாகித் ஒன்று. நான் விரல் விட்டு எண்ணினேன். நாலு வந்துவிட்டது.

"சார், நம்ம கேப்டன் எத்தன கோலு?"

"ஒண்ணும் இல்ல."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. மாமா மலை சுற்றி வந்த பெருமையெல்லாம் இதற்கா என்று தோன்றியது. சார் அதைக் கவனித்திருக்க வேண்டும். நடுவில் இருந்த ஒரு கல்லை எடுத்து என் கையில் கொடுத்தார். "இது ஹாஃப் பேக். பாஸ்கரன் நிக்கற இடம். இத எடுத்துட்டா பின்னாடி கீறவனுக்கும் முன்னாடி கீறவனுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. எதிராளி கிட்டேர்ந்து பந்தப் பிடுங்கணும், அத முன்னால போறவன் கால்கிட்ட வெக்கணும். கோலு போட்டவன் பேரு பேப்பர்ல வரும். போட வெச்சவன் பேரு வராது." இந்த வாக்கியத்தை அன்று எனக்கு முழுசாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் நடுக்களத்துக்குத்தான் போகிறது.

அந்தத் தங்கத்தைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு, அன்றும் இருந்தார்கள். ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஹாக்கி அணிகள் எதுவும் வரவில்லை. ஆறே அணிகள். இதை நானும் மறுக்கவில்லை. ஆனால் வந்தவர்களோடுதான் யாரும் ஆட முடியும். அதற்கு நாலு வருடம் முன்னால், 1976 மாண்ட்ரியலில், இதே பாஸ்கரன் இருந்த அணி ஏழாவது இடத்துக்குப் போயிருந்தது. ஒலிம்பிக் ஹாக்கி முதல்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்த வருடம் அது. புல்லில் ஆடிப் பழகிய கைகள் அங்கே தடுமாறின.

செயற்கைத் தரை என்றால் என்ன என்பதை சார் எங்களுக்குக் காட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வராந்தா சிமெண்ட் தரை. அதில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டார். நேராக, வேகமாக ஓடி எதிர்ச் சுவரில் இடித்துத் திரும்பி வந்தது. அதே கோலியை மைதானத்து மண்ணில் அதே வேகத்தில் உருட்டினார். ஒரு கல்லில் பட்டு எகிறி, ஒரு பள்ளத்தில் சுணங்கி, நின்றுவிட்டது. "மண்ணுல ஆடறவன் பந்தக் கைவிட மாட்டான். மட்டையோடயே ஒட்டி வெச்சிக்குவான், ஏன்னா விட்டா எங்க போவும்னு தெரியாது. சிமெண்டுல ஆடறவன் தைரியமாத் தட்டிவிட்டுட்டு ஓடுவான். நாம ஒட்டி வெச்சி ஆடக் கத்துக்கிட்ட ஜனம். அவனுங்க தரைய மாத்திட்டானுங்க." இந்திய ஹாக்கிக்கு என்ன நேர்ந்தது என்று அதற்குப் பிறகு எத்தனையோ பேர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோலிக்குண்டு சொன்னதைவிடத் தெளிவாக நான் எதிலும் படித்ததில்லை.

என் அக்காவுக்கும் அந்த நாட்களில் ஹாக்கிக் கிறுக்கு பிடித்திருந்தது. அதே மாஸ்கோவில்தான் பெண்கள் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. ஜிம்பாப்வே தங்கம் வாங்கியது, நம் பெண்கள் நான்காவதாக வந்தார்கள். பேப்பரில் இதைப் படித்துவிட்டு என் புளியங்கொம்பைப் பிடுங்கிக்கொண்டு தோட்டத்தில் அவள் அடித்த அடியில் துளசி மாடத்தின் ஓரம் பெயர்ந்தது. அம்மா மட்டையை அடுப்பில் வைத்துவிட்டாள். அக்காவுக்குக் கால் வேகம் என்னைவிட அதிகம். அவளைப் பழக்க ஆள் இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றும் வரும்.

சார் ஆட்டத்தின்போது கோட்டுக்குள்ளே வரவே மாட்டார். தேங்காய்ச் சிரட்டையில் சுண்ணாம்புத் தூளை அள்ளி, விரலிடுக்கில் விட்டுவிட்டு நடந்து, அவரே போட்ட கோடு அது. போட்டு முடித்ததும் வெளியே போய் நிற்பார். தப்பு செய்தால் கத்துவார், ஆனால் உள்ளே வந்து மட்டையை வாங்கி ஆடிக் காட்டமாட்டார். "உள்ள நீ கீற. நீதான் பாக்கணும்" என்பார். மூன்று தட்டு தட்டிப் புல்லி போட்டு ஆட்டம் தொடங்கும் காலம் அது. மட்டையும் மட்டையும் இடித்துக்கொள்ளும் அந்தச் சத்தம் கேட்டவுடன் சார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். நாங்கள் தோற்கும்போது அந்தக் கைகள் ஒன்றையொன்று பிசைவதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே இறங்கி இரண்டு நிமிடம் ஆடினால் அவரால் அந்த ஆட்டத்தையே மாற்றிவிட முடியும். ஆனாலும் வெளியேயே நிற்பார்.

பாஸ்கரனுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது, 1981-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆரணி மாமா அந்தப் பேப்பர்த் துண்டைத் தறிக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தார். நான் படித்து முடித்து வேலைக்குப் போய், பி.டி. சார் ஓய்வு பெற்று, ஊரில் வீட்டுக்கு வீடு டிவி வந்தபின், பாஸ்கரன் மறுபடியும் எங்கள் பேச்சில் வந்தார். இந்த முறை பயிற்சியாளராக. 1998 உலகக் கோப்பைக்கு உட்ரெக்ட் போன இந்திய அணிக்கு அவர்தான் கோச். ஒன்பதாவது இடம். அதே வருடக் கடைசியில் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வாங்கியபோது பயிற்சியாளராக இருந்தவர் கௌஷிக், மாஸ்கோ ஃபைனலில் ஒரு கோல் போட்ட அதே கௌஷிக். ஒரே அணியில் தோளோடு தோள் நின்ற இரண்டு பேர், ஒரே வருடத்தில் ஒரே நாட்டு அணியோடு போய், ஒருவர் வெறுங்கையோடும் ஒருவர் தங்கத்தோடும் திரும்பினார்கள்.

2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு மறுபடியும் பாஸ்கரன். அந்த அணியில் தன்ராஜ் பிள்ளை இருந்தார். புனே பக்கம் வளர்ந்த தமிழர் வீட்டுப் பிள்ளை. அர்ஜென்டினாவை ஜெயித்து, ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 2-2 என்று நிறுத்தி, கொரியாவிடம் தோற்று, ஸ்பெயினை ஜெயித்து, கடைசியாகப் போலந்து. போலந்தை ஜெயித்தால் அரையிறுதி. அந்த ஆட்டத்தை நான் பி.டி. சார் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சாருக்கு அப்போது பார்வை மங்கியிருந்தது; டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார். இந்தியா 1-0. மணி ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு நிமிடம்கூட இல்லை. போலந்து திருப்பிப் போட்டுவிட்டது. 1-1. எல்லாம் முடிந்தது. அரையிறுதிக்குப் போன கொரியா கடைசியில் வெள்ளி வாங்கியது. இந்தியா ஏழாவது.

"கோச்சு வெளிய நின்னுக்கினு என்ன சார் பண்ணான்?" என்று சாரின் பேரன் வயதுப் பையன் ஒருவன் கோபமாகக் கேட்டான். சார் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெளிய நிக்கறதுதான் அவன் வேல. நீ அங்க நின்னு பாரு, தெரியும்" என்றார்.

நான் அதை யோசித்திருக்கிறேன். மாஸ்கோவில் அமாத் மூன்றாவது கோல் போட்டபின் கடைசி நிமிடங்களில் பாஸ்கரன் களத்துக்குள்ளே இருந்தார். ஓட முடிந்தது, தடுக்க முடிந்தது, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக் கத்த முடிந்தது. சிட்னியில் அதே மாதிரிக் கடைசி நிமிடங்களில் அவர் கோட்டுக்கு வெளியே இருந்தார். அவர் ஆடிய காலத்தில் வெளியே போன ஆட்டக்காரர் திரும்ப உள்ளே வர முடியாது. 1992-க்குப் பிறகு யாரை வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விதி வந்தது. ஆஃப்சைடு போயிற்று. விதிகள் மாற மாற, பயிற்சியாளர் தலையில் ஏறிய பாரமும் கூடியது. யாரை எப்போது இறக்குவது, எப்போது இழுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஜெயித்தால் ஆட்டக்காரர் பெயர், தோற்றால் கோச் பெயர்.

2006-இல் மூன்றாவது தடவையாக அந்தப் பொறுப்பை அவர் ஏற்றார். உலகக் கோப்பையில் பன்னிரண்டு அணிகளில் பதினோராவது இடம். அந்த டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் இந்திய ஹாக்கி முதன்முறையாகப் பதக்கம் இல்லாமல் திரும்பியது. என் ஊரிலேயே அவரைப் பற்றிப் பேசிய பேச்சைக் கேட்கச் சகிக்கவில்லை. மாஸ்கோ ஜெயித்த காலையில் தேரடியில் இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொண்ட ஊர், தோற்றபோது மணிக்கணக்காகப் பேசியது. பெயரும் புகழும் ஏற்கெனவே கையில் இருக்கிற ஒரு மனிதர், அவற்றை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு வருடத்துக்கு இரண்டு பாராட்டுக் கூட்டத்துக்குப் போய் வந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, சரிந்துகொண்டிருந்த ஓர் அணியின் பக்கத்தில் மறுபடி மறுபடி போய் நின்றார். தங்கத்தைவிட எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது. இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை.

மாஸ்கோ அணியில் ஆடிய கௌஷிக், ரவீந்தர் பால் சிங் இருவரும் 2021 மே 8 அன்று, ஒரே நாளில், கொரோனாவுக்குப் பலியானார்கள். அதற்கு மூன்று மாதத்தில், ஆகஸ்டு 5 அன்று, டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து இந்தியா வெண்கலம் வாங்கியது. 41 வருடத்துக்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரு பதக்கம். 2024-இல் பாரிசில் இன்னொரு வெண்கலம். அங்கே எதிரணி மறுபடியும் ஸ்பெயின், 2-1. தங்கம் மட்டும் மாஸ்கோவோடு நிற்கிறது.

பி.டி. சார் இன்று இல்லை. அவரிடம் மட்டை பிடித்த எங்களில் ஒருவரும் மாநில அணிக்குக்கூடப் போகவில்லை. ஆனால் ஒருவன் பக்கத்து ஊர்ப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறான். போன மாதம் பார்த்தபோது, வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட், பரீட்சை நெருங்கிவிட்டால் அதையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் வாங்கிவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டான். எந்தப் பள்ளி என்பது முக்கியமில்லை, நம் பக்கத்தில் பெரும்பாலான பள்ளிகளில் இதுதான் நடக்கிறது. தலைமை ஆசிரியர்களையும் பிள்ளையைப் பெற்றவர்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்த இரண்டு பீரியடைத் தொடாதீர்கள். மைதானத்தில் கோடு போட்டுவிட்டு வெளியே நிற்க ஓர் ஆள் இருக்கிறார் என்றால், பிள்ளைகளை அவரிடம் அனுப்புங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்து.